ஃபாரம் அக்காவின் ஹார்ட் டிஸ்க்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தாராவியில் எங்கள் சந்தில் ஃபாரம் அக்கா என்றால்தான் தெரியும். ரேஷன் கார்டு, விதவைப் பென்ஷன், பள்ளிக்கூட அட்மிஷன், கரண்டு மீட்டர் பெயர் மாற்றம், எதுவானாலும் அக்காவிடம்தான் போவார்கள். ஆட்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு மராத்தியில் எழுதித் தருவார். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போதும் ஏதாவது காகிதம் வந்தால் சந்தில் யாராவது ஒருவர், "அக்கா இருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் சந்து முனையில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அக்கா என் கடைக்கு முதன்முதலாக வந்தபோது லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தார். கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் விழவில்லை.

"என் தப்புதான் தம்பி. பாத்திரம் கழுவிட்டு ஈரக் கையோட தட்டிட்டேன்."

திருப்பிப் போட்டுக் கழற்றிப் பார்த்தேன். ஈரம் எதுவும் இல்லை. உள்ளே பேட்டரி பொரித்த அப்பளம் மாதிரி உப்பி, கீபோர்டைக் கீழேயிருந்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது. "இதுல ஒங்க தப்பு ஒண்ணுமில்லக்கா. வயசான பேட்டரி" என்று காட்டினேன். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார்ஜுல போட்டே வச்சிருந்தேன்லா. அதான் ஊதிட்டு. என் தப்புதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தொழிலில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது, "ஒங்கிட்ட குடுக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு" என்று சண்டைக்கு வருவார்கள். ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தால் ஒரு மாதம் கழித்து வந்து திரை உடைந்ததற்கும் நான்தான் காரணம் என்பார்கள். பேட்டரி ஊதியதற்கு மன்னிப்புக் கேட்கும் ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன். இந்த மாதிரி நாலு கஸ்டமர் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இப்போது எண்ணினால் கூசுகிறது.

சந்தில் எது கெட்டாலும் அக்கா தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ஒரு பெரியவரின் ரேஷன் கார்டில் அவர் மனைவியின் வயது ஏழு என்று அச்சாகி வந்துவிட்டது. எழுபதில் சைபர் விழவில்லை. பெரியவர் அக்காவின் மாடி வீட்டுக்கு ஏறும் ஏணியடியில் நின்று கத்தினார். "சைபர நான் சின்னதாப் போட்டிருப்பேன் அண்ணாச்சி. நானே போய் மாத்திட்டு வாரேன்" என்றார் அக்கா. விண்ணப்பத்தின் நகல் அவர் லேப்டாப்பில் இருந்தது. நானே பார்த்தேன். சைபர் கோழிமுட்டை அளவுக்கு இருந்தது. அதைக் காட்டினால் பெரியவர் வாயை மூடியிருப்பார். அக்கா காட்டவில்லை. ரேஷன் ஆபீஸுக்கு ஐந்து முறை நடந்து மாற்றிக்கொண்டு வந்தார்.

அக்காவின் மகள் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிசப்ஷனில் இருந்தாள். அம்மாவுக்கு நேர்மாறான பெண். ஒருநாள் சார்ஜர் வாங்க வந்தபோது, நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இந்த சைபர் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வீட்லயும் அப்டித்தான். அப்பா இருந்தவரைக்கும் குடிச்சிட்டு வந்து அடிப்பாரு. அடுத்த நாள் பக்கத்து வீட்டுல கேட்டா அம்மா, கொழம்புல நான் உப்பு கூடப் போட்டுட்டேன்னு சொல்லும். அம்மாவுக்கு அது ஆதத் ஆயிடுச்சு அங்கிள், பழகிப்போச்சு. அப்டிச் சொன்னா அடி சீக்கிரம் நிக்கும்."

சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவின் லேப்டாப் ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துக் கட்டியது. வலது பக்கத்துக் கீல் உடைந்து, திரைக்கு முட்டுக்கொடுக்க ஒரு டப்பாவை வைத்திருந்தார். ஓட்டை மெஷின்தான், ஆனால் அந்த லேப்டாப்புக்குள் எங்கள் சந்தே இருந்தது. யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் விண்ணப்பம் எழுதிய கையோடு அதை ஸ்கேன் செய்து, அவரவர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்துவிடுவார். பழைய கரண்டு பில், வாடகைச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் சீட்டு. யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர் ஏறும் வீடுகளில் காகிதம் எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெல்ட் பாயின் காகிதங்களும் அப்படித்தான் அதற்குள் வந்தன. மேலப்பாளையத்துக்காரர். சாக்கடை ஓர வரிசையில் கீழே பெல்ட் தைப்பார், மேலே குடும்பம். ஒரு மழையில் அவருடைய தகரப்பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, காகிதமெல்லாம் ஊறி, பிரித்தால் கூழாக வந்தது. "ஒண்ணும் பயப்படாதிய அண்ணே. எல்லாம் எங்கிட்ட இருக்கு" என்று அக்கா அன்று சொன்னார்.

பிறகு வீடுகளை அளந்து எண் போடும் கணக்கெடுப்பு வந்தது. குறிப்பிட்ட வருஷத்துக்கு முன்பிருந்தே இங்கே குடியிருப்பதற்குக் காகிதம் காட்டினால் இங்கேயே புது வீடு. காட்டாதவர்களுக்கு இல்லை. சாக்கடை ஓர வரிசையைத்தான் முதலில் காலி செய்யப்போகிறார்கள் என்று பேச்சு. சந்து முழுவதும் அக்கா வீட்டு வாசலில் நின்றது. அந்த வாரம்தான் லேப்டாப் நடுநடுவே உறைந்து நிற்க ஆரம்பித்தது.

முதல் தடவை கொண்டுவந்தபோது தொட்டால் கை சுட்டது. விசிறியைக் கழற்றினேன். எங்கள் சந்தில் ஓடும் எந்த மெஷினிலும் இருப்பதுபோல, தோல் பட்டறைத் தூசி பஞ்சுமாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவிக் கொடுத்தேன். இரண்டு நாள் ஓடியது. மறுபடியும் கொண்டுவந்தார். இப்போது சூடு இல்லை, ஆனாலும் உறைந்தது. ரேமைக் கழற்றி, அதன் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்துப் போட்டேன். அப்புறம் என்னிடமிருந்த வேறொன்றைப் போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. பென் டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தைத் தொடங்கினேன். டிஸ்கைத் தொடாதவரை மெஷின் சொகுசாக ஓடியது. அக்காவின் ஃபோல்டர்களைத் திறந்ததும் நின்றது. சிலவற்றில், இந்தக் கோப்பு கெட்டிருக்கிறது, படிக்க முடியவில்லை என்று வந்தது.

காதைக் கீபோர்டின் இடது ஓரத்தில் வைத்துக் கேட்டேன். டிஸ்க் சில நொடிகளுக்கு ஒரு தடவை, நகத்தால் சுண்டுவதுபோல் மெதுவாகத் தட்டியது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை எடுத்துப் பார்த்தேன். படிக்க முடியாமல் தள்ளிவைத்த இடங்கள் ஏராளம். அது செத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்த ரிப்பேர்காரனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சாகப்போகும் டிஸ்கில் எதையும் சரிசெய்யக் கூடாது. நல்ல டிஸ்க் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, உயிர் இருக்கும்போதே வருகிறதையெல்லாம் அப்படியே நகல் எடுக்க வேண்டும். உடைந்த ஃபைல் சிஸ்டத்தை ஒட்டும் வேலையெல்லாம் அந்த நகலில்தான். அன்று அந்த அளவுக்குப் பெரிய டிஸ்க் என் கடையில் இல்லை. ரயில் ஏறிப் போய் வாங்கி வர வேண்டும். முன்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"மத்தியானத்துக்குள்ள ஆயிருமா தம்பி? பாய் வீட்டுக்கு நாளைக்கு வாராங்களாம்" என்றார் அக்கா.

"ஆயிரும்க்கா."

ரிப்பேர் கட்டளையை நேராக அந்த டிஸ்கிலேயே ஓடவிட்டேன். பத்துத் தடவை அப்படிச் செய்து பிழைத்திருக்கிறேன். அந்த நம்பிக்கை. பதினோரு சதவீதம் வரை போனது. பிறகு ஒரு மணி நேரம் அதே பதினொன்றில் நின்றது. டிஸ்கின் தட்டல் நான் காதை வைக்காமலேயே கேட்க ஆரம்பித்தது. பயந்துபோய் நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். பெயர் பெயராக இருந்த ஃபோல்டர்கள் எதுவும் இல்லை. அவற்றுக்குப் பதில், கண்டெடுத்த துண்டுகள் என்று ஒரே ஒரு ஃபோல்டர், அதற்குள் வெறும் எண்கள் போட்ட ஆயிரக்கணக்கான துண்டுகள். ஒன்றிரண்டைத் திறந்தேன். பாதிப் பக்கம் எழுத்து, மீதி சாம்பல் நிறம். மூன்றாவதைத் திறக்கும்போது மெஷின் நின்றது. அதன்பின் அந்த டிஸ்க் இருப்பதையே எந்த மெஷினும் ஒப்புக்கொள்ளவில்லை.

மத்தியானம் அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டிஸ்க் போயிட்டுக்கா."

அக்கா லேப்டாப்பின் மூடியை மெதுவாகத் தடவினார். பிறகு கேட்டார்:

"போன மாசம் ஏணியில எறங்கும்போது கைய விட்டுட்டேன் தம்பி. லேப்டாப் ஒரு படி தட்டி விழுந்திச்சு. அதனாலயா?"

நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட கேள்வி, நான் கேட்காமலேயே எனக்கு முன்னால் ஒரு கதவைத் திறந்து வைத்தது. கடையில் நின்றிருந்த கஸ்டமர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கும்க்கா" என்றேன்.

நானாகத்தான் அந்த டிஸ்கை எடுத்துக்கொண்டு கிராண்ட் ரோடு பக்கம் டேட்டா மீட்பவர் ஒருவரிடம் போனேன். அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே சுழலும் வட்டில் கீறல் விழுந்திருக்கிறது, ஒன்றும் வராது என்றார். இதன் மேல் ரிப்பேர் ஓட்டினாயா என்று கேட்டார். தலையாட்டினேன். "பஹலே காப்பி க்யூ நஹி லியா?" முதலில் ஏன் நகல் எடுக்கவில்லை. கீழே விழுந்ததால் இருக்குமோ என்று கேட்டுப் பார்த்தேன். வெளியுறையைத் திருப்பிப் பார்த்தார். விழுந்து ஒரு மாதம் நன்றாக ஓடிய டிஸ்க் அதனால் சாகவில்லை, வயசாகித் தானாகவே கெட ஆரம்பித்திருக்கிறது, விட்டிருந்தால் இன்னும் சில நாள் தாங்கியிருக்கும், பெரும்பாலான கோப்புகளை எடுத்திருக்கலாம் என்றார்.

அதை நான் அப்போது சந்தில் யாரிடமும் சொல்லவில்லை.

நிறையப் பேருக்கு அசல் காகிதம் கையில் இருந்தது. சிலருக்கு ஊரில் அண்ணன் தம்பி ஃபோனில் படம் இருந்தது. பெல்ட் பாய்க்கு எதுவும் இல்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் அவர் வீட்டுக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் பாய் ஃபாரம் அக்கா வீட்டு ஏணியடிக்கு வந்தார். கூட்டம் கூடிவிட்டது. நானும் போய் நின்றேன்.

"ஒன்ன நம்பித்தான இருந்தேன்! எல்லாம் எங்கிட்ட இருக்குன்னு சொன்னியே. எங்க இருக்கு? காட்டு!"

"என் தப்புதான் அண்ணே. ஏணியில கீழ போட்டுட்டேன்."

"கீழ போட்டியா, யாருக்காச்சும் வித்தியா?"

யாரோ பின்னாலிருந்து, ஆமாம், பில்டர்காரன் ஆள் வந்து போனதைப் பார்த்தேன் என்றார். அப்படி யாரும் வரவில்லை. பாய் அக்காவின் காலடியில் காறித் துப்பினார். அக்கா குனிந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மகள் மட்டும் ஏணி இறங்கி வந்து பாயைப் பிடித்துத் தள்ளினாள். எனக்கும் அவர்களுக்கும் நடுவே எட்டுப் பத்து அடிதான். வாயைத் திறந்திருந்தால் போதும். நான் திறக்கவில்லை. கூட்டத்தோடு கலைந்து கடைக்கு வந்து, யாருடையதோ ஒரு லேப்டாப்பின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அடுத்த இரண்டு மாதம் அக்கா அலைந்ததைச் சந்தே பார்த்தது. பாயின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். பழைய பதிவேடு கிடங்கில் இருக்கிறது என்றார்கள். கிடங்குக்குப் போனார். கரண்டு ஆபீஸுக்குப் போனார். பழைய வாக்காளர் பட்டியலைத் தேடி காட்கோபர் வரை போய் வந்தார். அந்த அலைச்சலில் வேறு மூன்று குடும்பங்களுக்குக் காகிதம் கிடைத்தது. பாயின் பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக இல்லை. ஓரிடத்தில் தகப்பன் பெயர் வேறு, இன்னோரிடத்தில் வீட்டு எண் வேறு. சாக்கடை ஓர வரிசையைக் காலி செய்தபோது பாய் குடும்பம் உல்லாஸ்நகரில் ஒரு அறைக்குப் போனது. தையல் மெஷினை விற்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அக்காவிடம் யாரும் காகிதம் கொடுக்கவில்லை. அவர் மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையலுக்குப் போக ஆரம்பித்தார். காலையில் என் கடையைத் தாண்டும்போது, "வாரேன் தம்பி" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போவார். நான் வேலையாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரு வருஷம் அப்படிப் போனது. அவருக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். மகள் அடுப்படியில் நின்றிருந்தாள். எதையும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, டிஸ்க் நீங்க கீழ போட்டதுனால போகல. மொதல்ல காப்பி எடுத்திருக்கணும். எடுக்காம நான் ரிப்பேர் ஓட்டுனேன். கெட்டது என்னாலதான். அன்னைக்கு ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்ன தம்பி செய்வ? மத்தியானத்துக்குள்ள வேணும்னு அவசரப்படுத்துனது நான்தான."

"இல்லக்கா. நீங்க அவசரப்படுத்தலன்னாலும் நான் அதத்தான் செஞ்சிருப்பேன்."

"இன்னொரு எடத்துல ஒரு நகல் வச்சிருக்கணும்லா. எனக்குத் தோணலியே. என் தப்..."

"அம்மா!" மகள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். "ஒரு தடவையாவது அவரத் திட்டு. ஒரே ஒரு வார்த்த. ஒங்காலடியில துப்புனாங்க, அவரு நின்னு பாத்தாரு!"

அக்கா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிஜமாகவே திட்டுவதற்கு ஒரு வார்த்தையைத் தேடினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. உதடு அசைந்தது. வரவில்லை. "தம்பிக்கு டீ போடு" என்றார்.

மகள் என்னோடு ஏணியின் அடி வரை வந்தாள். "இங்க வந்து சொன்னா அம்மா வாங்கி வச்சிக்கும். ஒங்களுக்குப் பாரம் எறங்கிடும். பாய் வீட்டுல போய்ச் சொல்லுங்க அங்கிள். அதான் சரி."

அடுத்த ஞாயிறு உல்லாஸ்நகர் போனேன். பாய் தெருவோரத்து அறையில் யாருக்கோ கூலிக்கு பெல்ட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை நிற்கவில்லை. சுத்தியலால் ஒவ்வொரு துளையாகத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்:

"இத அன்னைக்கே நீ சொல்லியிருந்தா எனக்கு வீடு கெடச்சிருக்குமா?"

"இல்ல பாய்."

"அப்ப இதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஒங்கிட்ட பேச எனக்கு எதுவும் இல்ல." பெல்ட்டைக் கீழே வைத்தார். "அந்தப் பிள்ளைய நான் என்னென்ன பேசிட்டேன்! அவ நம்பரு இருக்கா?"

என் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். பாய்க்கு ஃபோனில் பேசினால் சரியாகக் கேட்காது. ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டார். அக்காவே எடுத்தார்.

"தங்கச்சி, நான் பெல்ட் பாய். இவன் வந்து எல்லாம் சொல்லிட்டான். ஒம்மேல ஒரு தப்பும் கெடையாது. நான் துப்புனதுக்கு அல்லா என்ன மன்னிக்க மாட்டான். நீ மன்னிச்சிரு."

வைத்துவிட்டாரோ என்று நான் திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"வீட்ல எல்லாரும் சுகமா அண்ணே? சின்னவனப் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா? ஃபாரம் ஏதும் எழுதணும்னா குடுத்து விடுங்க. நான் வீட்லதான் இருக்கேன்."

பாய் அந்த அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கொடியில் துணி, மூலையில் சுருட்டிய படுக்கை, சுவரோரம் குவிந்த பெல்ட்டுகள்.

"எழுதுறதுக்கு எங்கிட்ட காகிதம் ஏது தங்கச்சி" என்றார்.